அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்டங்கள் 1970–73: எது வேலை செய்தது, எது செய்யவில்லை?

இளம்பரிதி:

வணக்கம். 1970 தொடங்கி நாலே வருடத்தில் அமெரிக்காவில் பெரிய சுற்றுச்சூழல் சட்டங்கள் வரிசையாக வந்துவிட்டன. நெப்பா எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், தூய காற்றுச் சட்டம், தூய நீர்ச் சட்டம், அருகிவரும் உயிரினங்கள் சட்டம். காரணம் கேட்டால் எல்லா இடத்திலும் அதே மூன்று வரி: ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றிப் புத்தகம் எழுதினார், க்ளீவ்லாண்ட் நகரின் கயஹோகா ஆறு தீப்பிடித்தது, முதல் பூமி தினத்தில் 2 கோடி பேர் திரண்டார்கள்.

இதை வைத்து வகுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது, மாணவர்கள் இந்த மூன்று வரியோடு விடமாட்டார்கள். ஆறு எரிந்ததும் சட்டம் வந்துவிடுமா? வந்த சட்டம் காகிதத்தில் தூங்காமல் எப்படி வேலை செய்தது? எங்கே தோற்றது, ஏன்? விவரம் தெரிந்தவர்கள் ஆண்டு, அளவு, நடைமுறையோடு சொன்னால் பெரிய உதவி.

நீரோட்டம்:

முதலில் கயஹோகா. 1969 ஜூன் 22 அன்று பிடித்த தீ அரை மணி நேரத்துக்குள் அணைந்துவிட்டது. ரயில் பாலங்கள் சேதமானதில் நஷ்டம் சுமார் 50,000 டாலர். அந்த ஆறு 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பலமுறை எரிந்திருக்கிறது. 1952-ல் எரிந்தபோது நஷ்டம் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 1969 ஆகஸ்டில் டைம் இதழ் கட்டுரையோடு வெளியிட்ட படமே 1952 தீயின் படம்தான். இன்னொன்றையும் சொல்லுங்கள்: தீப்பிடிப்பதற்கு முந்தைய ஆண்டே க்ளீவ்லாண்ட் வாக்காளர்கள் ஆற்றைச் சுத்தம் செய்ய 10 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் தூங்கிக் கிடக்கவில்லை. மேயர் கார்ல் ஸ்டோக்ஸ் தீ அணைந்த மறுநாளே பத்திரிகையாளர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டியதும் இதுதான்: ஆலைகளுக்குக் கழிவு விட உரிமம் கொடுப்பது மாநிலம், நகராட்சியால் அவற்றைத் தொட முடியவில்லை.

1952-ல் அசையாத நாடு 1969-ல் ஏன் அசைந்தது என்ற கேள்விக்குப் பாதி பதில் சாண்டா பார்பரா. அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று கலிஃபோர்னியா கரையிலிருந்து 6 மைல் தள்ளி, யூனியன் ஆயிலின் 'பிளாட்ஃபார்ம் ஏ'வில் கிணறு பொங்கியது. துளைக்குள் இறக்க வேண்டிய பாதுகாப்புக் குழாயை வழக்கமான ஆழத்துக்கு இறக்காமல் குறைத்துக்கொள்ள மத்திய அரசின் நிலவியல் அளவைத் துறையே விலக்கு கொடுத்திருந்தது. பொங்கியதும் மேலே வாயை அடைத்தார்கள். உள்ளே அழுத்தம் ஏறியது. குழாய் போர்த்தாத மேலடுக்கைப் பிளந்துகொண்டு கடலடி வெடிப்புகள் வழியாக எண்ணெய் வந்தது. கடலடி வெடிப்பை மூடி போட்டு அடைக்க முடியாது. 80,000 முதல் 1 லட்சம் பீப்பாய் வரை கசிந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். தார் பூசிய பறவைகள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தன. அந்தக் கரையைப் பார்க்கப் போனவர்தான் செனட்டர் கேலார்ட் நெல்சன். 1970 ஏப்ரல் 22 பூமி தினம் அவர் யோசனை, நடத்தியவர் டெனிஸ் ஹேஸ்.

மீதிப் பாதி, பழைய சட்டங்களின் தோல்வி. 1948 அக்டோபரில் பென்சில்வேனியாவின் டொனோராவில் துத்தநாக ஆலைப் புகை வெப்பத் தலைகீழ் அடுக்கின் கீழ் (கீழே உள்ள குளிர்ந்த காற்றை மேலே சூடான காற்று மூடிபோல் அடைக்கும் நிலை) சிக்கி, 14,000 பேர் உள்ள ஊரில் 20 பேர் இறந்தார்கள்; சுமார் 6,000 பேர் நோயுற்றார்கள். அதன் பிறகு வந்த 1955 சட்டம் ஆராய்ச்சிக்குப் பணம் மட்டும் கொடுத்தது. 1963, 1967 சட்டங்கள் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டன. கடுமை காட்டினால் ஆலை பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்று ஒவ்வொரு மாநிலமும் பயந்தது. ஆகவே தேசம் முழுக்க ஒரே அளவுகோல் வேண்டும் என்ற முடிவு அனுபவத்தில் கிடைத்தது.

அரசியல் போட்டியையும் விடாதீர்கள். 1972 தேர்தலில் அதிபர் நிக்சனை எதிர்ப்பார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் செனட்டர் எட்மண்ட் மஸ்கி. காற்று, நீர் மாசு இரண்டும் அவருடைய துணைக்குழுவின் கையில் இருந்தன. இருவரும் மாற்றி மாற்றி ஏலம் கேட்டதுபோல் கடுமையைக் கூட்டினார்கள். நிக்சன் 1970 ஜனவரி 1 அன்று நெப்பாவில் கையெழுத்திட்டார், டிசம்பர் 2 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏவைத் தொடங்கினார், டிசம்பர் 31 அன்று தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். செனட்டில் அந்தக் காற்றுச் சட்ட மசோதாவுக்கு வாக்கு 73–0.

சாட்சியம்:

நீரோட்டம் சொன்னது சட்டம் பிறந்த கதை. அது எப்படி உயிரோடு இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சட்டங்களில் எந்தப் பகுதியை ஒரு சாதாரணக் குடிமகன் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போக முடிந்ததோ, அந்தப் பகுதி வேலை செய்தது. முடியாத பகுதி வாடிப்போனது.

1972 தூய நீர்ச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செலவு 2,400 கோடி டாலர் என்று காரணம் காட்டி நிக்சன் அக்டோபர் 17 இரவு வீட்டோ செய்தார். மறுநாளே செனட் 52–12, கீழவை 247–23 என்று வீட்டோவைத் தூக்கி எறிந்தது. சட்டத்தின் மையம் எளிது: குழாய், வாய்க்கால் என்று சுட்டிக்காட்டக்கூடிய ஓரிடத்திலிருந்து நீர்நிலைக்குள் மாசை விடுவது, அனுமதி இல்லாவிட்டால் குற்றம். முன்பெல்லாம் ஆறு கெட்டுவிட்டது, அதைக் கெடுத்தது இந்த ஆலைதான் என்று நிரூபிக்க வேண்டும். பத்து ஆலைகள் வரிசையாக நிற்கும் ஆற்றில் அது நடக்காத காரியம். புதிய சட்டம் ஆற்றை விட்டுவிட்டு குழாயின் வாயில் அளந்தது.

அனுமதியில் என்ன இருக்கும்? நகராட்சிக் கழிவுநீர் நிலையம் என்றால் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு (நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைப்பது) கட்டாயம்: உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 30 நாள் சராசரி லிட்டருக்கு 30 மி.கி., 7 நாள் சராசரி 45 மி.கி.; மிதக்கும் திடப்பொருளுக்கும் அதே எண்கள்; உள்ளே வந்ததில் குறைந்தது 85 சதவீதம் நீங்கியிருக்க வேண்டும்; அமில-கார அளவு 6-க்கும் 9-க்கும் இடையில். கூடவே மாதிரியை எங்கே, எத்தனை முறை எடுக்க வேண்டும், ஒரே தடவை மொண்டால் போதுமா, 24 மணி நேரம் விட்டு விட்டு எடுத்துக் கலக்க வேண்டுமா என்பதும் எழுதியிருக்கும். அனுமதியின் ஆயுள் அதிகபட்சம் 5 ஆண்டு. நிலையம் கட்ட 75 சதவீதம் வரை மத்திய அரசு பணம் கொடுத்தது. நிக்சன் அந்தப் பணத்தைப் பிடித்துவைக்கப் பார்த்தார். 1975-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

வகுப்பில் நிறுத்திச் சொல்ல வேண்டிய இடம் இனிதான். அளவெடுத்த முடிவை ஆலையே கையெழுத்திட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும். பொய் எழுதினால் கிரிமினல் குற்றம். அந்த அறிக்கை பொது ஆவணம். ஆக, வழக்குப் போடும் குடிமகனுக்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. எதிராளி கையெழுத்திட்ட காகிதமே சாட்சி.

505-ஆம் பிரிவின்படி வழக்குக்குப் போகும் வழி இது. முதலில் ஆலைக்கும் மாநிலத்துக்கும் இபிஏவுக்கும் 60 நாள் முன்னறிவிப்பு. அதில் எந்த வரம்பு மீறப்பட்டது, எந்தச் செயலால், எங்கே, எந்தெந்தத் தேதியில், பொறுப்பு யாருடையது, அறிவிப்பு அனுப்புபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். தேதி விட்டுப்போனால் அந்த மீறலையே நீதிமன்றம் ஒதுக்கிவிடலாம். 60 நாளுக்குள் அரசே முனைப்போடு வழக்குத் தொடுத்துவிட்டால் குடிமகன் வழக்குக்கு இடமில்லை. மீறல் முற்றிலும் முடிந்துபோன கதையாக இருந்தாலும் நிற்காது. 1987 க்வால்ட்னி தீர்ப்பு அதைச் சொல்கிறது. அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், வழக்குப் போட்டவருக்கு ஒரு காசு வராது. ஜெயித்தால் வழக்கறிஞர் செலவு மட்டும் கிடைக்கும்.

இதில் நடக்கும் தில்லுமுல்லுக்கு லெய்ட்லா வழக்கு நல்ல பாடம். தென் கரோலினாவின் நார்த் டைகர் ஆற்றில் அந்த நிறுவனம் பாதரச வரம்பை 1987 முதல் 1995 வரை 489 முறை மீறியது. ஆர்வலர்கள் முன்னறிவிப்பு கொடுத்தார்கள். 60 நாள் முடியும் கடைசி நாளில் மாநில அரசு வழக்குப் போட்டது. புகார் மனுவை எழுதியது நிறுவனத்தின் வழக்கறிஞர். தாக்கல் கட்டணம் கட்டியதும் நிறுவனமே. கையோடு 1 லட்சம் டாலருக்குச் சமரசம். இதை முனைப்பான வழக்கு என்று ஏற்க முடியாது என்று மாவட்ட நீதிமன்றம் சொல்லி, பிறகு 4,05,800 டாலர் அபராதம் விதித்தது. 2000-ல் உச்ச நீதிமன்றமும் ஆர்வலர்கள் பக்கம் நின்றது. ஆற்றுக்கு என்ன கேடு என்று அளந்து காட்டத் தேவையில்லை, பயந்துபோய் அந்த ஆற்றில் குளிப்பதையும் மீன்பிடிப்பதையும் மக்கள் நியாயமான காரணத்தோடு நிறுத்தியிருந்தாலே அது பாதிப்புதான் என்றது.

வேதிமுனை:

காற்றுப் பக்கம் ஒரு எடுத்துக்காட்டு சேர்க்கிறேன், பொறியியல் மாணவர்களுக்குப் பிடிக்கும்.

1970 சட்டம் கார்ப் புகையில் ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 1975-க்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. அந்த எண்ணைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். அப்போது அதற்கான கருவி சந்தையில் இல்லை. கார் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின; 1973-ல் ஓராண்டு அவகாசமும் இடைக்கால வரம்பும் கிடைத்தன. ஆனாலும் 1975 மாடல் கார்களில் பெரும்பாலானவற்றில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது.

கன்வெர்ட்டரின் எதிரி ஈயம். பெட்ரோலில் நாக்கிங் (எஞ்சினுக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்) வராமலிருக்கக் கலந்த ஈயச் சேர்மம் எரிந்து, உள்ளே இருக்கும் பிளாட்டினத்தின் மேல் படிந்துவிடும். பிறகு வினையூக்கி வேலை செய்யாது. அதனால் 1974 ஜூலை முதல் பெரிய பங்க்குகள் எல்லாம் ஈயமில்லாப் பெட்ரோலும் விற்க வேண்டும் என்று இபிஏ விதித்தது. மாற்றி ஊற்றிவிடாமல் இருக்க, புதிய கார்களின் டேங்க் வாயைச் சிறிதாக்கி, ஈயப் பெட்ரோலின் பெரிய நாசில் நுழையாதபடி செய்தார்கள். எங்கே இடித்தது என்றால், ஈயப் பெட்ரோல் விலை குறைவு. வாயைப் பெரிதாக்கியும் புனல் வைத்தும் அதையே ஊற்றினார்கள், கன்வெர்ட்டர் செத்தது, வெளியே பார்த்தால் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கடைசியில் ஈயத்தையே ஒழிப்பதுதான் வழி என்றாகி, 1985 ஜூலையில் காலனுக்கு 0.5 கிராம், 1986 ஜனவரியில் 0.1 கிராம் என்று இறக்கினார்கள். 1996 முதல் சாலை வாகனங்களுக்கு முழுத் தடை.

1976-க்கும் 1980-க்கும் இடையில் நாடு தழுவிய ரத்தப் பரிசோதனையில் சராசரி ஈய அளவு டெசிலிட்டருக்கு 14.6 மைக்ரோகிராமிலிருந்து 9.2-க்கு இறங்கியது. பெட்ரோலில் ஈயம் விற்பனையான வரைகோடும் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் வரைகோடும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. கன்வெர்ட்டரைக் காப்பாற்றப் போட்ட விதி குழந்தைகளின் மூளையைக் காப்பாற்றியது. அந்தப் படத்தைக் கட்டாயம் வகுப்பில் காட்டுங்கள்.

முகிலன்:

எல்லாம் சரி, டிடிடி பூச்சிக்கொல்லி விஷயத்தை யாரும் தொடவில்லையே? கார்சனை நம்பித் தடை போட்டதால்தான் உலகம் முழுக்க மலேரியா திரும்பி வந்தது, லட்சக்கணக்கில் செத்தார்கள் என்கிறார்களே. அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

நீரோட்டம்:

முகிலன், தடை ஆணை எதைத் தடுத்தது என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது. 1972 ஜூன் 14 அன்று இபிஏ தலைவர் வில்லியம் ரக்கல்ஷாஸ் போட்ட ஆணை அமெரிக்காவுக்குள் பயிர்களுக்கு டிடிடி அடிப்பதைத்தான் ரத்து செய்தது. நோய்த்தடுப்புப் பயன்பாட்டுக்கும் ஏற்றுமதிக்கும் விலக்கு உண்டு. 2001 ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் நோய் பரப்பும் பூச்சிகளுக்கு எதிராக டிடிடி பயன்படுத்த இடம் வைத்திருக்கிறது. பல நாடுகளில் டிடிடி பயனிழந்ததற்குக் கொசுவின் எதிர்ப்புத்திறன் பெரிய காரணம். வயலில் கண்டபடி தெளித்ததும் அந்த எதிர்ப்புத்திறனை வளர்த்தது. கார்சனும் பூச்சிக்கொல்லியே கூடாது என்று எழுதவில்லை. அளவில்லாமல், விளைவு தெரியாமல் தெளிப்பதைத்தான் எதிர்த்தார்.

தடைக்கு அடிப்படை புத்தகம் மட்டும் இல்லை. 1967-ல் லாங் ஐலண்டில் விஞ்ஞானிகளும் ஒரு வழக்கறிஞரும் சேர்ந்து இடிஎஃப் என்ற அமைப்பைத் தொடங்கி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1971 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், டிடிடியின் விற்பனைப் பதிவை ரத்துசெய்யும் விசாரணையைத் தொடங்கியே ஆக வேண்டும் என்று இபிஏவுக்கு உத்தரவிட்டது. 7 மாத விசாரணை, 125 சாட்சிகள். விசாரணை அதிகாரி டிடிடி நீடிக்கலாம் என்றார். ரக்கல்ஷாஸ் அதை மாற்றினார். இந்த விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள், மாணவர்கள் வேறு இடத்தில் படித்துவிட்டு வந்து கேட்பார்கள்.

அறிவியல் பக்கம், கலிஃபோர்னியாவின் க்ளியர் ஏரி போதும். அங்கே கடிக்காத சிறு கொசுவகை ஒன்றுக்காக டிடிடியின் (DDT) உறவுச் சேர்மமான DDD-யை (தமிழில் எழுதினால் இரண்டும் டிடிடிதான்; குழம்பாமலிருக்க, குளோரின் ஒன்று குறைந்த சேர்மம் என்று சொல்லுங்கள்) 1949, 1954, 1957 என்று மூன்று முறை கலந்தார்கள். முதல் முறை 7 கோடிக்கு 1 பங்கு, பிறகு 5 கோடிக்கு 1. தண்ணீரில் தேடினாலும் கிடைக்காத அளவு. மிதவையுயிரியில் பத்து லட்சத்துக்கு 5 பங்கு, மீனில் அதைவிட அதிகம், மீன் தின்ற முக்குளிப்பான் பறவையின் கொழுப்பில் 1,600 பங்கு. வெண்தலைக் கழுகில் நடந்தது வேறு: டிடிடி (DDT) உடலில் சிதைந்து உருவாகும் டிடிஇ, முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேர்வதைக் கெடுக்கும், அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை நொறுங்கும். 1963-ல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான மாநிலங்களில் 417 ஜோடிகள்தான் கூடு கட்டின. 2007-ல் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கும்போது 9,700-க்கும் மேல்.

இளம்பரிதி:

மிக்க நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. தோல்விகள் பற்றி யாராவது? 2014-ல் டொலிடோ நகரத்தில் குடிநீரே குடிக்காதீர்கள் என்று அறிவித்தார்கள் என்று படித்தேன். தூய நீர்ச் சட்டம் வந்து 42 ஆண்டு கழித்து அது எப்படி?

சாட்சியம்:

ஈரி ஏரிதான் இந்தச் சட்டத்தின் வெற்றிக்கும் தோல்விக்கும் ஒரே சாட்சி. 1960-களில் பாசி மூடி, "செத்த ஏரி" என்று எழுதினார்கள். 1972-ல் கனடாவோடு உடன்பாடு; நாளுக்கு 10 லட்சம் காலனுக்கு மேல் வெளியேற்றும் கழிவுநீர் நிலையங்களுக்குப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 1 மி.கி. என்று வரம்பு, சலவைத்தூளில் பாஸ்பேட் குறைப்பு. ஆண்டுக்கு 11,000 டன் என்ற இலக்கை 1980-களில் எட்டினார்கள், ஏரி தெளிந்தது. அப்போது குறைத்தது பெரும்பாலும் குழாய் வழியாக வந்த பாஸ்பரஸ்.

1990-களின் நடுவிலிருந்து பாசி திரும்பியது. இம்முறை பாஸ்பரஸ் வந்தது ஏரியில் கலக்கும் மௌமி ஆற்று வழியாக, வயல்களிலிருந்து. உழாமல் விதைக்கும் முறையில் உரம் மேல் மண்ணிலேயே தங்குகிறது. வயலுக்கு அடியில் பதித்த வடிகுழாய்கள் வசந்தகால மழையில் கரைந்த பாஸ்பரஸை நேராக ஓடைக்குக் கொண்டுபோகின்றன. மண்ணோடு ஒட்டிய பாஸ்பரஸைவிட இந்தக் கரைந்த வகையைப் பாசி உடனே தின்னும். 2014 ஆகஸ்டில் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு, ஈரி ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கும் டொலிடோவின் குடிநீரில் வந்தது, ஏறத்தாழ 4 லட்சம் பேர் மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. அதைக் கொதிக்க வைக்கவும் கூடாது. நச்சு அழியாது, தண்ணீர் வற்றிச் செறிவு கூடும்.

ஏன் தடுக்க முடியவில்லை? வயலில் வழிந்தோடும் மழைநீருக்குத் தூய நீர்ச் சட்டத்தில் அனுமதி தேவையில்லை. 1977 திருத்தம் பாசனத்திலிருந்து திரும்பும் நீருக்கும் விலக்கு கொடுத்தது. 1987-ல் 319-ஆம் பிரிவு சேர்த்து மாநிலங்களுக்கு மானியம் கொடுத்தார்கள், கட்டாயம் இல்லை. அனுமதி இல்லையென்றால் வரம்பு இல்லை, வரம்பு இல்லையென்றால் அறிக்கை இல்லை, அறிக்கை இல்லாமல் யார் மேல் 60 நாள் அறிவிப்பு விடுவது?

நச்சுக் கழிவுக் கிடங்குகளிலும் இதே ஓட்டை. 1982-ல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் இடத்தில், பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணைப் புதைக்கும் கிடங்கு வந்தது. லாரிகளின் முன் படுத்துத் தடுத்து 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள், ஆனாலும் கிடங்கு வந்தேவிட்டது. மறு ஆண்டு மத்திய தணிக்கை அமைப்பு தென்கிழக்கு மண்டலத்தில் பார்த்தபோது, அப்படிப்பட்ட 4 கிடங்குகளில் 3 கறுப்பினப் பெரும்பான்மை ஊர்களில் இருந்தன. அனுமதி ஒவ்வொரு கிடங்கையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். ஏற்கெனவே அந்த ஊர் எவ்வளவு சுமக்கிறது என்று கேட்காது. 1994-ல் கிளிண்டன் சுற்றுச்சூழல் நீதிக்காக 12898-ஆம் ஆணை போட்டார். இதை வைத்து யாரும் வழக்குப் போட முடியாது என்று ஆணையிலேயே எழுதியிருந்தது. 2025 ஜனவரியில் வேறொரு அதிபரின் ஒரு கையெழுத்தில் அது போய்விட்டது. காங்கிரஸ் எழுதிய தூய நீர்ச் சட்டத்தின் 505-ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேதிமுனை:

நெப்பா பற்றி ஒரு குறிப்பு, மாணவர்கள் இதில்தான் அதிகம் தவறுவார்கள். அது திட்டத்தைத் தடுக்கும் சட்டம் இல்லை. தாக்கத்தை ஆராய்ந்து, மாற்று வழிகளை எழுதி, மக்கள் கருத்தைக் கேட்டபின் முடிவெடு என்கிறது. முடிவு மோசமாக இருந்தாலும் நெப்பா கேள்வி கேட்காது. 1989-ல் உச்ச நீதிமன்றமே அதைத் தெளிவாக்கியது. ஆனால் எழுத வைப்பதே வடிவமைப்பை மாற்றும். அலாஸ்கா எண்ணெய்க் குழாயை முதலில் பெரும்பாலும் மண்ணுக்கடியில் புதைக்கத்தான் நினைத்தார்கள். சூடான எண்ணெய் உறைமண்ணை (ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண்) உருக்கிக் குழாயை வளைத்துவிடும் என்பது வழக்கும் ஆய்வுமாகப் போன ஆண்டுகளில் அலசப்பட்டது. கடைசியில் 800 மைலில் 420 மைல் தூண்கள் மேல் போனது. 1973-ல் காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டு மேற்கொண்டு நெப்பா வழக்கே வராமல் செய்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2023 திருத்தத்தில் அறிக்கைக்கு 150 பக்கம், 2 ஆண்டு என்று வரம்பு வந்திருக்கிறது; மிகச் சிக்கலான திட்டத்துக்கு 300 பக்கம்.

இளம்பரிதி:

சாட்சியம், அந்த ஆலை அறிக்கைகளை மாணவர்களே பார்க்க முடியுமா?

சாட்சியம்:

முடியும். இபிஏவின் எக்கோ இணையதளத்தில் ஆலையின் பெயரோ ஊரின் அஞ்சல் குறியீடோ போட்டுத் தேடலாம், இலவசம். கடந்த 12 காலாண்டுகளின் நிலை கட்டம் கட்டமாக வரும். மீறல் என்று காட்டும் கட்டத்தைப் பார்த்தவுடன் ஆலை நஞ்சைக் கொட்டிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அறிக்கை நேரத்துக்கு வராவிட்டாலும் அப்படித்தான் காட்டும். உள்ளே போய்க் கழிவு வரைபடத்தைத் திறந்தால் வரம்புக் கோடும் மாதாமாத அளவும் தெரியும். கடும் மீறல் என்று முத்திரை விழும் கணக்குகளில் ஒன்று இது: மாதச் சராசரி வரம்பை வழக்கமான மாசுகளில் 40 சதவீதமோ, நச்சுப் பொருள்களில் 20 சதவீதமோ, 6 மாதத்தில் 2 மாதம் தாண்டியிருக்க வேண்டும். ஒரு கழிவுநீர் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, அனுமதி ஆவணத்தையும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து, எந்த மாதம் மீறியது, அது 60 நாள் அறிவிப்பில் எழுதுமளவு துல்லியமாக இருக்கிறதா என்று பயிற்சியாகக் கொடுங்கள். அலகு மாறுவதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: ஒரே மாசுக்கு லிட்டருக்கு மி.கி. கணக்கில் ஒரு வரம்பும், நாளுக்கு இத்தனை பவுண்டு என்று இன்னொரு வரம்பும் இருக்கும். ஒன்றில் தேறி மற்றதில் தவறுவது சகஜம்.